எல்லைப்புறத்தில் யூதர்: ஒரு குடியேற்ற வரலாற்றின் மறுவாசிப்பு

அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்தை ஆளற்ற வெற்றுநிலமாகவும், அதனைப் பண்படுத்திய முன்னோடிகளைத் தனித்து நின்று போராடிய வீரர்களாகவும் காணும் நோக்கு நெடுங்காலம் நிலவிவந்தது. 1893இல் பிரடெரிக் ஜாக்சன் டர்னர் முன்வைத்த எல்லைப்புறக் கோட்பாடு இந்நோக்கிற்கு அறிவுலக மதிப்பைத் தேடித்தந்தது. யூதக் குடியேறிகளின் வரலாற்றை எழுதியோரும் தம் முன்னோரை அவ்வீரர் வரிசையில் சேர்க்கவே பெரிதும் முயன்றனர். 'நாங்களும் அங்கு இருந்தோம்' என நிறுவுவதே அன்றைய தேவையாக இருந்தது. அத்தேவை புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் அவ்வரலாற்றில் விடுபட்டவை யாவை என்பதே ஈண்டு நம் வினா.

இரசியப் பேரரசில் 1881இல் தொடங்கிய யூத எதிர்ப்புக் கலவரங்களும், யூதர்கள் நாட்டுப்புறங்களில் புதிதாகக் குடியேறுவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டின் மே சட்டங்களும் பலரைக் கடல் கடக்கச் செய்தன. அமெரிக்காவிலோ 1862ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டத்தின்படி ஐந்தாண்டுகள் தங்கி உழுவோர்க்கு 160 ஏக்கர் நிலம் உரியதாயிற்று. கொலராடோவின் கோட்டோபாக்சி, ஓரிகனின் நியூ ஒடெசா ஆகிய வேளாண் குடியிருப்புகள் 1882இலும், யூட்டாவின் கிளாரியன் 1911இலும் தோன்றின. இவற்றுள் எதுவும் நிலைக்கவில்லை. யூதர்க்கு உழவு கைவராது என்று பழைய எழுத்தாளர் சிலர் எளிதாகக் காரணம் கூறிச் சென்றனர். கோட்டோபாக்சியில் கிடைத்தது பாறை மண்டிய மலைநிலம். கிளாரியனிலோ பாசன நீர் போதவில்லை. இத்தகு நிலத்தில் கைதேர்ந்த உழவரும் தோற்றிருப்பர் என்பதே நம் கருத்து.

வடடகோட்டாவின் டெவில்ஸ் லேக் பகுதிக்கு 1894இல் மணமகளாக வந்த ரேச்சல் கேலோஃபின் நினைவுக்குறிப்புகள் இவ்வகையில் அரிய சான்றாகும். குளிர்காலத்தில் எரிபொருளைச் சிக்கனப்படுத்த ஒரே குடிசைக்குள் மாமனார், மாமியார், கோழிகள், கன்று என எல்லாரும் அடைந்து கிடந்ததையும், வறட்டி எரித்து உயிர் காத்ததையும் அவர் மறைக்காமல் எழுதினார். ஒன்பது பிள்ளைகளை ஈன்ற அப்பெண்ணின் குரலில் வீரப்பெருமிதத்தைவிடத் தனிமை நாடும் ஏக்கமே மிகுதி. அவர் இட்டிஷ் மொழியில் 1936இல் எழுதியது, 1995இல்தான் ஆங்கில நூலாயிற்று. அந்நூல் மூலத்தின் நேர்பெயர்ப்பு அன்று. குடும்பத்தார் செப்பனிட்ட வடிவம் என்பதை ஆசிரியர்களாகிய நாம் மாணவர்க்கு உணர்த்தவேண்டும்.

இன்னும் சிக்கலானது சாலமன் பீபோவின் கதை. பிரஷ்யாவில் பிறந்து நியூ மெக்சிகோவில் வணிகம் செய்த இவர், 1884இல் அகோமா பழங்குடியினரின் நிலத்தை முப்பதாண்டுக் குத்தகைக்கு எடுத்தார். அரசின் முகவர் இதனை எதிர்த்தபோது அகோமா மக்கள் பீபோவின் பக்கமே நின்றனர். அவர் அக்குலத்துப் பெண்ணான ஹுவானா வாயேயை மணந்து, 1885இல் அகோமாவின் ஆளுநருமானார். 'யூதத் தலைவர்' என வியப்பதோடு நின்றுவிடும் கட்டுரைகளே மிகுதி. நண்பர், மருமகன், குத்தகைதாரர் என்னும் மூன்று உறவுகளும் ஒருவரிடமே அமைந்திருந்தமை அவற்றில் ஆராயப்படுவதில்லை.

நிலம் யாருடையது என்னும் வினாவை அண்மைக்கால ஆய்வுகளே நேராக எழுப்பின. டேவிட் கோஃப்மன் 2019இலும், ரெபெக்கா கிளாரன் 2023இலும் வெளியிட்ட நூல்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. கிளாரனின் முன்னோர் தென்டகோட்டாவில் பெற்ற இலவச நிலம் லகோட்டா மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட பரப்பைச் சேர்ந்தது. 1868ஆம் ஆண்டின் லாரமிக் கோட்டை உடன்படிக்கை அம்மக்களுக்கு உறுதிசெய்த நிலம் படிப்படியாகச் சுருக்கப்பட்டு, 1889இல் மட்டும் சுமார் 90 இலட்சம் ஏக்கர் அவர்கள் கைவிட்டுப் போயிற்று. யூதர்கள் தம் வழிபாட்டைத் தடையின்றி நடத்திய அதே சமவெளியில், லகோட்டா மக்களின் சூரிய நடனம் 1883ஆம் ஆண்டு விதிகளால் குற்றமாக்கப்பட்டிருந்தது. துரத்தப்பட்டு வந்தவர், துரத்தப்பட்டவரின் நிலத்திலேயே கால் ஊன்றினர். இதனைக் கூறுவதால் குடியேறியோர் பட்ட துன்பம் பொய்யாகிவிடாது. கிளாரன் தம் குடும்பம் அந்நிலத்தால் அடைந்த பயனைக் கணக்கிட்டு, லகோட்டா மக்கள் தம் நிலத்தை மீட்க உதவும் நிதி திரட்டலிலும் ஈடுபட்டார்.