கோர்ட்டுக்குத் தெரியும், வரி ஆபீஸுக்குத் தெரியாது! அமெரிக்க எல்.எல்.சி.யின் அதிசயக் கணக்கு தெரியுமா?

அமெரிக்காவில் ஒருவர் தனியாக ஒரு எல்.எல்.சி., அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி தொடங்குகிறார். பெயர் பதிந்தாயிற்று, பேங்க் அக்கவுண்ட் திறந்தாயிற்று. கோர்ட்டைப் பொறுத்தவரை அந்தக் கம்பெனி வேறு, அவர் வேறு. அவர் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை, கம்பெனியின் கடனுக்காக அவர் வீட்டில் பொதுவாக யாரும் கை வைக்க முடியாது. ஆனால் மத்திய வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். கண்ணுக்கு அந்தக் கம்பெனி தெரியவே தெரியாது! தெரியுமா உங்களுக்கு? வரவு, செலவு, லாபம் எல்லாமே முதலாளியின் சொந்த ரிட்டர்னோடு சேரும் ஷெட்யூல் சி என்ற இரண்டே பக்கப் படிவத்தில் அடங்கிவிடும்.

இரண்டு பேர் சேர்ந்து தொடங்கினால் அதே எல்.எல்.சி. கூட்டு வியாபாரம் ஆகிவிடும். படிவம் 1065 போட வேண்டும். அப்போதும் கம்பெனி வருமான வரி கட்டாது; லாபத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு கே-1 சீட்டு கொடுத்துவிடும், அவரவர் வரியை அவரவர் கட்ட வேண்டியதுதான். இல்லை, கார்ப்பரேஷன் மாதிரியே வரி கட்டுகிறேன் என்றாலும் சரி, எழுதிக் கொடுத்தால் போதும். எந்த வகையில் வரி போட வேண்டும் என்பதை வரி கட்டுகிறவரே கட்டத்தில் டிக் அடித்துச் சொல்லும் வசதி! 1997 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

இந்த எல்.எல்.சி. பிறந்ததே ஓர் எண்ணெய் கம்பெனிக்காகத்தான், தெரியுமா? ஹாமில்டன் பிரதர்ஸ் என்ற நிறுவனம் பனாமா நாட்டில் பார்த்த அமைப்பை அமெரிக்காவிலும் கேட்டது. 1977-ல் வயோமிங் மாநிலம் சட்டம் போட்டுக் கொடுத்தது. ஆனால் வரி விஷயத்தில் ஐ.ஆர்.எஸ். பிடிகொடுக்காததால், பல வருஷம் அதை ஏறிட்டுப் பார்த்தவர்களே குறைவு. 1988-ல் கூட்டு வியாபாரம் போலவே வரி என்று உறுதியான முடிவு வந்ததும்தான் மற்ற மாநிலங்கள் வரிசை கட்டி நின்றன. இவ்வளவு பரவலான ஒரு கம்பெனி வகைக்கு உயிர் கொடுத்தது ஒரு வரி முடிவு!

இனி புதிதாகத் தொடங்குகிறவர்கள் திகைத்துப்போகும் இடத்துக்கு வருவோம். ஒரு பெண்மணி கேக் செய்து விற்கிறார். செலவெல்லாம் போக வருஷ லாபம் 60,000 டாலர். வீட்டுக்கு எடுத்தது 20,000 மட்டும். மிச்சத்தைக் கம்பெனி அக்கவுண்டிலேயே விட்டுவைத்தார். வரி எதற்கு? முழு 60,000-க்கும்! கையில் எடுத்தாரா, பேங்கில் விட்டாரா என்பது கணக்கிலேயே வராது. அவர் எடுத்த 20,000 சம்பளமும் இல்லை, செலவும் இல்லை. கம்பெனியில் தனக்குள்ள பங்கிலிருந்து எடுத்த பணம், அவ்வளவுதான். அதைச் செலவுப் பக்கத்தில் எழுதினால் லாபமே தப்பாகிவிடும்.

வருமான வரிக்கு மேலே சுயதொழில் வரி என்று ஒன்று 15.3 சதவீதம் இருக்கிறது: ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு 12.4, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 2.9. வேலைக்குப் போகிறவருக்கு இதில் பாதியை முதலாளி கட்டுவார். இங்கே முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே, இரண்டு பாதியும் அவர் தலையில்தான். இந்த வரி லாபத்தில் 92.35 சதவீதத்துக்குத்தான்; கேக் பெண்மணியின் 60,000-ல் அது 55,410 டாலர். அதில் 15.3 சதவீதம் போட்டால் சுமார் 8,478 டாலர்! அந்த 92.35 சதவீதத் தொகை 400 டாலரைத் தொட்டாலே இந்த வரி வந்துவிடும். ஒரே ஆறுதல், இதில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. எஸ் கார்ப்பரேஷன் என்ற வரி வகையைத் தேர்ந்தெடுத்தால், சம்பளம் தனி, லாபப் பங்கு தனி. இந்தச் சுமை சம்பளத்துக்கு மட்டும். அப்படியானால் சம்பளத்தைக் கொஞ்சமாகக் காட்டினால் போயிற்று என்று அயோவா மாநிலத்தில் ஒரு கணக்காளரே நினைத்தார். தன் சம்பளம் வருஷத்துக்கு 24,000 என்று வைத்தார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய், 2012-ல் முடிவானது. அவர் வேலைக்குத் தகுந்த சம்பளம் 91,044 டாலர் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்! வரிப் படிப்பில் மேல்பட்டம் வாங்கியவருக்கே இந்தக் கதி.

காலாண்டு வரியிலும் ஓர் ஆச்சரியம். வருஷத்துக்கு 1,000 டாலரோ அதற்கு மேலோ வரி பாக்கி வரும் என்றால் நான்கு தவணையாக முன்கூட்டியே கட்ட வேண்டும். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. எண்ணிப் பாருங்கள்! முதல் தவணைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இரண்டே மாதம்! ஜூனில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பணம் வந்த அன்றே ஒரு பங்கை வேறு அக்கவுண்டில் ஒதுக்கிவிடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பில் இல்லாத செலவுக்கு என்ன ஆகும்? இதற்குப் பின்னால் ஒரு நாடகக்காரரின் வழக்கே இருக்கிறது! பிராட்வே மேடையைக் கலக்கிய ஜார்ஜ் எம். கோஹன், நடிகர்களுக்கும் விமர்சகர்களுக்கும் விருந்து வைத்தே பணத்தை இறைத்தவர். எதற்கும் கணக்கு வைக்கவில்லை. ஆதாரம் இல்லாததால் ஒரு பைசா கழிவு கிடையாது என்று வரி வாரியம் கைவிரித்தது. 1930-ல் நீதிபதி லேர்னட் ஹேண்ட், செலவு நடந்தது நிச்சயம் என்னும்போது ஒரு மதிப்பீடாவது போட வேண்டும், கணக்கு வைக்காத குற்றத்துக்காகக் குறைத்தே போடலாம் என்று தீர்ப்பு சொன்னார். அந்தச் சலுகை பயணத்துக்கும் விருந்துக்கும் நீடிக்கவில்லை. 1962-ல் நாடாளுமன்றம் சட்டத்தை இறுக்கியது: தொகை, தேதி, இடம், காரணம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். காருக்கும் அப்படித்தான். 2025-ல் தொழிலுக்காக ஓட்டிய ஒவ்வொரு மைலுக்கும் 70 சென்ட் கழிக்கலாம், ஆனால் எந்தத் தேதி, எங்கே, எதற்காக என்ற குறிப்பு வேண்டும். பிளாஸ்டிக் கவரில் திணித்து வைத்த ரசீதுகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அன்றன்று எழுதிய குறிப்புகள் சொல்லும்.

அப்படி ஒழுங்காக எழுதி வைக்கும் கணக்குதான் எல்.எல்.சி. முதலாளியின் வீட்டையும் காப்பாற்றுகிறது. கம்பெனி கார்டில் மளிகை, சொந்தக் கார்டில் கம்பெனி வாடகை என்று கலந்தடித்தால், கம்பெனியும் முதலாளியும் வேறு வேறு என்று கோர்ட் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

ஓர் ஆளை வேலைக்கு வைத்த நிமிஷம் கதை தலைகீழ்! இதுவரை ஐ.ஆர்.எஸ். கண்ணுக்குத் தெரியாத கம்பெனி, சம்பள வரி விஷயத்தில் சட்டென்று தெரிய ஆரம்பித்துவிடும். தொழிலாளியிடம் பிடித்த வரியைக் கட்டாமல் அந்தப் பணத்தில் சப்ளையருக்குப் பட்டுவாடா செய்தால், அந்த முடிவை எடுத்தவர் சொந்தச் சொத்திலிருந்து கட்ட வேண்டி வரும். அங்கே எல்.எல்.சி. காப்பாற்றாது.

எல்.எல்.சி.க்காக மாநில அரசுக்கு வருஷாவருஷம் கட்டும் தொகை இடத்துக்கு இடம் மாறும். வயோமிங்கில் வருஷக் கட்டணம் 60 டாலரிலிருந்து. கலிஃபோர்னியாவில் ஒரு டாலர்கூட வருமானம் இல்லாவிட்டாலும் குறைந்தது 800!

நம்மூர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் வயோமிங் எல்.எல்.சி. திறந்துவிடலாம். அமெரிக்காவில் வரியே வராத நிலைகூட இருக்கலாம். ஆனால் ஒரே வெளிநாட்டு முதலாளி உள்ள எல்.எல்.சி., அவருக்கும் அதற்கும் நடுவே நடந்த பணப் புழக்கத்தைப் படிவம் 5472-ல் சொல்லியாக வேண்டும். தன் சொந்தப் பணத்தை முதலாகப் போட்டதும் அதில் அடக்கம்! இந்தப் படிவத்தைப் போடத் தவறினால் அபராதம் 25,000 டாலர். கூடவே பெயர், முகவரி நிரப்பிய 1120 படிவத்தின் முதல் பக்கத்தையும் இணைத்து, யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகருக்குத் தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்ப வேண்டும். காலண்டர் வருஷக் கணக்குக்குக் கெடு ஏப்ரல் 15. முடியாது என்றால் அதற்குள் படிவம் 7004 போட்டால் இன்னும் ஆறு மாதம் கிடைக்கும்.