வானம் பார்த்த பூமிக் குருவிகள்

அருப்புக்கோட்டைக்குப் போய் லவ் பேர்ட்ஸ் வாங்கிவந்து, பந்தல்குடி வீட்டுத் தாழ்வாரத்தில் கூண்டை மாட்டியாயிற்று. உடனே பாட்டிக்கு ஒரு கவலை: "இந்த வெயிலை இது தாங்குமா?" நிழலும் தண்ணீரும் இருந்தால் தாங்கும், பாட்டி. இது குளிர்தேசத்துப் பறவை இல்லை. கடையில் லவ் பேர்ட்ஸ் என்று கொடுப்பது பெரும்பாலும் பட்ஜி என்கிற சின்னக் கிளிதான். அதன் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பொட்டல். நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் போல அதுவும் வானம் பார்த்த பூமி.

அங்கே மழை எப்போது வரும், எந்தப் பக்கம் பெய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. பெய்த இடத்தில் புல் முளைத்து விதை பிடிக்கும். அந்த விதையைத் தேடி ஆயிரக்கணக்கில் பட்ஜிகள் கூட்டமாகப் பறந்துபோகும். தண்ணீரும் விதையும் கிடைத்துவிட்டால் மரப்பொந்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். இடம் காய்ந்ததும் கிளம்பிவிடும். 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவை ஆராய்ச்சியாளர் சில பட்ஜிகளை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறை கூண்டிலேயே பிறந்து வளர்ந்துவிட்டது. ஆனால் உடம்பும் குணமும் இன்னும் பொட்டலுக்கு உரியவைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எப்படி வளர்ப்பது என்பது பாதி விளங்கிவிடும்.

கூட்டத்தில் வாழும் பறவை என்பதால் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள், குறைந்தது இரண்டு வேண்டும். பட்ஜி குறுக்கே பறக்கும் பறவை. அதனால் உயரமான கூண்டைவிட நீளமான கூண்டு நல்லது. கூண்டோடு வரும் வழுவழு பிளாஸ்டிக் குச்சியைக் கழற்றிவிட்டு வேப்பங்குச்சி கட்டுங்கள், ஒன்று மெல்லிசாக, ஒன்று தடியாக. எப்போதும் ஒரே தடிமனைப் பிடித்துக்கொண்டிருந்தால் பாதத்தில் புண் வரும்.

தீனி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பட்ஜி தினையை அப்படியே விழுங்காது. அலகில் வைத்து உருட்டி, உமியை உரித்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்னும். உரித்த உமி அதே கிண்ணத்தில் விழும். சாயங்காலம் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். "காலையில் போட்டது அப்படியே இருக்கே" என்று வீட்டில் சொல்வார்கள். கிண்ணத்தைக் கையில் எடுத்து மெதுவாக ஊதிப் பாருங்கள். உமியெல்லாம் பறந்துபோய் அடியில் நாலைந்து தினை கிடக்கும், அவ்வளவுதான். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள பறவைக்கு ஒரு நாள் பட்டினியே பெரிய கஷ்டம். தினமும் ஊதிவிட்டுத்தான் புதுத் தீனி போட வேண்டும். வெறும் விதையும் போதாது. முருங்கைக்கீரை, கொத்தமல்லித்தழை இரண்டையும் நன்றாக அலசிக் கொடுங்கள். கொத்தமல்லிதான் நம் கரிசலிலேயே விளைகிறதே! சாக்லெட், காப்பி, உப்புக் கடலை எதுவும் வேண்டாம்.

பட்ஜியின் மூக்குமேல் இருக்கும் பட்டை பெரும்பாலும் ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். பெண் முட்டையிடத் தொடங்கினால் அதற்குச் சுண்ணாம்புச் சத்து நிறைய வேண்டும். குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிப் பறவை செத்தும் போகலாம். முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட்தான். இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், ஆனால் பொருள் பழக்கமானது. பந்தல்குடியில் வெட்டியெடுத்து சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிற சுண்ணாம்புக்கல்லில் பெரும்பங்கு இதே கால்சியம் கார்பனேட். தரைக்குள் பாறையாகக் கிடக்கும் சரக்கைத்தான் பறவை தன் உடம்புக்குள் ஓடாகச் செய்கிறது. அதற்காகக் குவாரிக் கல்லைத் தூக்கிவந்து கூண்டுக்குள் வைத்துவிடாதீர்கள், அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். கொடுப்பது நுரை இல்லை, கணவாயின் உள் ஓடு. நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். கூண்டுக் கம்பியில் கட்டிவிட்டால் பறவை வேண்டும்போது கொறித்துக்கொள்ளும்.

கூண்டைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. காரணம் பறவையின் மூச்சு. நாம் இழுத்த காற்றை அதே வழியில் வெளியே விடுகிறோம். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் சேர்ந்திருக்கின்றன, பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது. அவற்றின் உதவியால் நுரையீரல் வழியே காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். மூச்சை வெளியே விடும்போதும் நல்ல காற்று கிடைக்கும். பறப்பதற்கு இது பெரிய வசதி. ஆனால் விஷக்காற்று வந்தால் அதுவும் இதே வேகத்தில் உள்ளே போய்விடும். நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் அது அளவுமீறிச் சூடாகி ஒரு வாயுவை விடும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, கூண்டுப் பறவை சில நிமிடங்களில் விழுந்துவிடும். கொசுவர்த்திச் சுருளையும் வேறு இடத்தில் வையுங்கள். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோனதும் இதனால்தான். விஷவாயு இருந்தால் ஆட்களுக்கு முன்னால் குருவி தள்ளாடும். 1986-ல்தான் அந்த வேலை மின்கருவிக்கு மாறியது. பாவம், குருவியை யாரும் கேட்டுவிட்டுக் கூட்டிப்போகவில்லை.

கூண்டின் அடியில் நீல இறகு ஏதாவது கிடந்தால் எடுத்து வையுங்கள், ஒரு வேடிக்கை பார்க்கலாம். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து இறகின்மேல் விழும்படி பிடித்தால் நீலம். அதையே ஜன்னலுக்கு நேரே பிடித்து, வெளிச்சம் இறகைத் துளைத்து வரும்படி பாருங்கள். நீலம் போய் மங்கிய பழுப்புதான் தெரியும். ஏனென்றால் இறகில் நீலச்சாயம் என்று ஒன்று இல்லவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்ணிய அமைப்பு, நீல ஒளியை மட்டும் நம் பக்கம் திருப்பி அனுப்புகிறது. காட்டுப் பட்ஜியில் இந்த நீலத்தோடு மஞ்சள் சாயமும் சேர்வதால் அது பச்சை. மஞ்சள் சாயம் இல்லாமல் பிறந்ததுதான் நீலப் பட்ஜி. கரண்ட் கம்பியிலிருந்து பனங்காடை பறக்கும்போது சிறகில் பளிச்சென்று நீலம் தெரியுமே, அதுவும் சாயமில்லாத நீலம். மயில் கழுத்தும் அப்படித்தான்.

ஆஸ்திரேலியாக் கிளியை வளர்க்கலாம் என்றால் நம் பச்சைக்கிளியை ஏன் வளர்க்கக்கூடாது என்று கேட்பீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி, மைனா, கௌதாரி, மயில் எதையும் பிடிக்கவோ விற்கவோ கூண்டில் வைக்கவோ கூடாது. விற்பனைக்கு வரும் பச்சைக்கிளிக் குஞ்சு பெரும்பாலும் ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து திருடியதுதான். கூண்டில் பிறந்த பட்ஜிக்கு இங்கே காடு கிடையாது. பச்சைக்கிளிக்கு இருக்கிறது, பக்கத்து மக்காச்சோளப் புஞ்சையே அதற்குக் காடு. புஞ்சைக்காரர் சத்தம் போடுவார்தான், அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், லண்டன் பூங்காக்களில் இன்று நம் பச்சைக்கிளி கூட்டம் கூட்டமாகத் திரிகிறது, கூண்டிலிருந்து வெளியேறியவற்றின் வாரிசுகள். அதைக் கேட்டுவிட்டு உங்கள் பட்ஜியைத் திறந்துவிடாதீர்கள். நீலமும் மஞ்சளுமாக வெட்டவெளியில் உட்கார்ந்தால் வல்லூறுக்கு அன்றைக்கு விருந்துதான்.

வெளியே இருக்கும் பறவைகளுக்கும் இந்தப் பூமியில் தண்ணீர்தான் கணக்கு. பறவை எச்சத்தில் வெள்ளையாக ஒன்று இருக்கிறதே, அதுதான் அதன் சிறுநீர். நாம் கழிவைத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவை அதை யூரிக் அமிலம் என்ற கூழாக்கி, தண்ணீரை மிச்சம் பிடித்துக்கொள்கிறது. வியர்வையும் அதற்குக் கிடையாது. மே மாத மத்தியானத்தில் காக்கை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பது சூட்டை வெளியேற்றத்தான். ஆள்காட்டி இன்னும் கெட்டிக்காரப் பறவை. அது கூடே கட்டாது. சரளைத் தரையில், கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாதபடி முட்டையிடும். வெயில் ஏறினால் கண்மாயில் மிச்சமிருக்கும் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். நீங்கள் பக்கத்தில் போனால் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றும். அப்போது அங்கே நின்று முட்டையைத் தேடாதீர்கள், நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் வேகிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, பூனை பதுங்க இடமில்லாத பக்கம் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றாவிட்டால் கொசுதான் வளரும். கூட்டிலிருந்து குஞ்சு விழுந்து கிடந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. குஞ்சுக்காக ஓர் ஊரே விட்டுக்கொடுத்ததும் உண்டு. 2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊரே தெருவிளக்கைப் போடாமல் இருந்தது.

பொங்கல் லீவில் ஒரு வேலை தருகிறேன். 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் கால் மணி நேரம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி எழுதினால் போதும். அப்படிப் போகும்போது கிணற்றோரக் கருவேலத்திலோ பனையிலோ தூக்கணாங்குருவிக் கூடு தொங்கினால் நின்று பாருங்கள். 1930-ல் பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி மும்பைக்குப் பக்கத்துக் கிகீமில் இந்தக் குருவியை உட்கார்ந்து கவனித்தார். ஆண் பாதிக்கூடு கட்டிவிட்டு நிறுத்தும், பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும் என்று கண்டார். இந்தக் கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம்தான் தொங்கும், தென்மேற்குக் காற்றுக்கு மறைவாக என்கிறார்கள். ஆடிக்காற்று நம் ஊரில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் ஊர்க் கூடுகள் எந்தப் பக்கம் தொங்குகின்றன என்று மரத்தின் பெயரோடு எண்ணி எழுதி அனுப்புங்கள். மேற்கே தொங்கும் கூடு இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.