அயல்நாட்டுக்கு முதன்முறை வேலைக்குச் செல்வோர் ஊரிலேயே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்
(பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக் குடியானவர்களுக்கு)

பெரம்பலூரும் அரியலூரும் முன்னர்த் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த பகுதிகளாம். பெரம்பலூர் 1995ஆம் ஆண்டிலும், அரியலூர் முடிவாக 2007ஆம் ஆண்டிலும் தனி ஜில்லாக்களாயின. இவற்றின் நிலத்திற் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியே. கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும், கிணறு உள்ளவிடத்தில் சின்ன வெங்காயமும், ஜெயங்கொண்டம் பக்கத்தில் முந்திரியும் முக்கியமான வெள்ளாமைகள். ஐப்பசி, கார்த்திகை மழை தவறினாலும், அறுவடைக் காலத்தில் விலை சரிந்தாலும் குடும்ப வருமானம் குன்றிப் போகின்றது. அக்காலங்களில் வீட்டிலுள்ள இளைஞர் ஒருவரை வளைகுடா நாடுகளுக்கோ, சிங்கப்பூர், மலேசியா முதலிய இடங்களுக்கோ அனுப்பலாமென்ற யோசனை எழுவது இயல்பே. அவ்வாறு சென்று கடன் தீர்த்தோரும், கிணறு வெட்டியோரும், தங்கைக்கு மணம் முடித்தோரும் பலர் உளர். சென்றும் பயனின்றி, இருந்த நிலத்தையும் அடமானத்தில் இழந்து திரும்பினோரும் உளர். இவ்விரு சாராருக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் அயல்நாட்டில் உண்டாவதன்று. புறப்படுமுன் ஊரில் செய்துகொண்ட ஏற்பாட்டிலேயே உண்டாவது. ஆகையால் அவ்வேற்பாடுகளை ஈண்டு வரிசையாகக் கூறுவோம்.

பழைய அநுபவம்

கடல் கடந்து உழைப்பது இப்பகுதியினருக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆட்களை மிகுதியாக அனுப்பிய ஜில்லாக்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். வழிச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். இலங்கையில் அக்கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, அவன் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போகும்போதும் கூடவே சென்றது. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஒழிந்தும், கடனோடு கப்பலேறும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. இப்பொழுது கப்பலுக்குப் பதில் திருச்சி விமான நிலையமும், கங்காணிக்குப் பதில் ஏஜெண்டும் வந்துள்ளமையே மாறுதல். கடனோடு போகிறவனுக்குச் சம்பளம் குறைந்தாலும், வேலை தகாததாயினும், திரும்பி வரும் துணிவு உண்டாகாது. எனவே முதற்பிரயாணத்தில் முதலாவது கவனிக்க வேண்டியது கடனின் அளவேயாகும்.

கடனும் சம்பளமும்

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஏஜெண்டுக்கு 1,50,000 ரூபாய் கொடுக்க, நூற்றுக்கு மூன்று மாத வட்டியில் கடன் வாங்குகிறார். அயல்நாட்டுச் சம்பளம் நம் நாணயத்தில் மாதம் 25,000 ரூபாய். ஒப்பந்தம் இரண்டு வருஷம். அங்கே தம் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் 7,000 ரூபாயும், ஊரிலுள்ள குடும்பத்துக்கு 8,000 ரூபாயும் போக, கடனுக்கு மிஞ்சுவது 10,000 ரூபாய். முதல் மாதம் வட்டி மாத்திரம் 4,500 ரூபாய். மாதந்தோறும் தவறாது 10,000 ரூபாய் கட்டிவந்தாலும் கடன் முற்றும் தீரச் சற்றேறக்குறைய 20 மாதங்களாகும். 24 மாத உழைப்பில் வீட்டுக்கு நிற்பது கடைசி நான்கு மாதத்து மிச்சமே. இதற்கு மாறாக, 50,000 ரூபாய் மட்டும் நூற்றுக்கு ஒரு வட்டியில் நகைக் கடனாகப் பெற்றிருப்பின், அதே தவணையில் ஆறு மாதத்துக்குள் கடன் தீரும். எஞ்சிய 18 மாத மிச்சம் குடும்பத்துக்குச் சேரும். இக்கணக்கை அவரவர் தொகைகளை இட்டு வீட்டிலுள்ளோர் யாவரும் கூடியிருந்து போட்டுப் பார்ப்பது நலம். ஒப்பந்த காலத்திற் பாதிக்குமேல் கடனுக்கே போகுமென்று தெரிந்தால் அப்பிரயாணத்தை விடுவதே மேல்.

சட்டப்படி பதிவு பெற்ற ஆள் சேர்ப்பு ஏஜெண்டு தொழிலாளியிடம் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. அதன்மேல் 18 சதவீத வரி சேர்த்தால் 35,400 ரூபாய். இதற்குரிய ரசீது கொடுக்க ஏஜெண்டு கடமைப்பட்டவர். ரசீது தர மறுப்பவரிடத்தும், லட்சக்கணக்கில் கேட்பவரிடத்தும் பணம் கொடுத்தல் கூடாது.

ஏஜெண்டும் விசாவும்

அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி மத்திய சர்க்காரிடம் பதிவுச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். அச்சான்றின் எண்ணை மத்திய சர்க்காரின் 'ஈ-மைகிரேட்' இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். கணினிப் பழக்கம் இல்லாதவர் பொதுச் சேவை மையத்தில் பார்த்துக் கொள்ளலாம். உள்ளூரில் வந்து பேசுபவர் பெரும்பாலும் பதிவு பெற்றவருடைய தரகரேயன்றிப் பதிவு பெற்றவரல்லர். உறவினர், ஒரே ஊரார் என்ற நம்பிக்கை மட்டும் சான்றாகாது. தமிழ்நாட்டு சர்க்கார் 1978ஆம் ஆண்டில் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் உள்ளது. அதன் வழியாக வெளியாகும் வேலை அறிவிப்புகளையும் கவனித்து வருதல் நலம்.

அடுத்தது விசாவின் வகை. வேலை விசா வேறு, சுற்றுலா விசா வேறு. "முதலில் சுற்றுலா விசாவிற் போங்கள், அங்கே மாற்றித் தருகிறோம்" என்னும் சொல்லை ஏற்பவர் அந்நாட்டுச் சட்டத்துக்குக் குற்றவாளியாகிறார். சம்பளம் தராவிடினும் முறையிட இடமில்லை. படித்த இளைஞரும் இதில் ஏமாறுகின்றனர். 2022ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலையென்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரில் மியாவடி என்னுமிடத்தில் இணைய மோசடி வேலைக்கு நிர்ப்பந்திக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டனர்.

பத்தாம் வகுப்புத் தேறாதவருடைய பாஸ்போர்ட்டு பொதுவாக 'இ.சி.ஆர்.' என்னும் வகையைச் சேர்ந்தது. அவ்வகையினர் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு நாடுகள், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாப்பாளரிடம் அனுமதி பெறல் வேண்டும். இதனை ஒரு தடையென்று கருதிக் குறுக்கு வழி தேடுவோர் உண்டு. அநுமதி கொடுக்குமுன் ஒப்பந்தமும் முதலாளியின் விவரமும் பார்க்கப்படுவதால், இது படிப்புக் குறைந்தவருக்கு ஏற்பட்ட காப்பே யாகும். சிங்கப்பூர் இப்பட்டியலில் இல்லை. ஆயினும் அந்நாட்டு முதலாளி, ஆள் புறப்படுமுன்னரே 'ஐ.பி.ஏ.' என்னும் முன்னநுமதிக் கடிதத்தை அனுப்புதல் வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பிடித்தங்களும் அதிற் குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படித்துப் பார்க்காமல் விமானம் ஏறலாகாது.

பத்திரங்களும் உடல்நலமும்

இவ்விரு ஜில்லாக்களுக்கும் திருச்சிராப்பள்ளிப் பாஸ்போர்ட்டு அலுவலகமே உரியது. விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் ஆதார் அட்டை, பள்ளிச் சான்று இவற்றோடு ஓர் எழுத்தும் மாறாதிருத்தல் வேண்டும். ஏஜெண்டின் பேச்சு தொடங்கிய பின் அவசரமாக விண்ணப்பிப்பதினும், வேலையில்லாக் கோடை நாட்களில் முன்னதாகவே பெற்று வைத்தல் நன்று. வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் அந்நாடுகள் ஒப்புக்கொண்ட நிலையங்களில் உடற்சோதனை செய்துகொள்ள வேண்டும். பழைய காசநோய்த் தழும்பு முதலிய காரணங்களால் தள்ளப்படுவோர் உண்டாகையால், ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்குமுன் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியில் மார்புப் படமும் இரத்தச் சோதனையும் செய்து பார்த்துக்கொண்டால் வீண் செலவு நேராது.

ஒப்பந்தத்தில் வேலையின் பெயர், சம்பளம், வேலை நேரம், உறைவிடம், திரும்பிவரும் டிக்கட்டுச் செலவு ஆகியவை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட்டு, ரசீது ஆகியவற்றின் நகலொன்றை மனைவியிடமோ பெற்றோரிடமோ கொடுத்துச் செல்வது அவசியம். இ.சி.ஆர். வகையினருக்குக் கட்டாயமான 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' என்னும் இன்ஷியூரன்ஸுக்கு இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாயும் கட்டணமாக வைக்கப்பட்டது. விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பு. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் குவைத்தில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பற்றி நாற்பதுக்கு மேற்பட்ட இந்தியர் மாண்டனர். அவருள் எழுவர் தமிழ்நாட்டவர். அத்தகைய நாளில் குடும்பத்தின் கையிலுள்ள காகிதமே அதற்குத் துணை. ஆகையால் வாரிசு பெயர் சரியாக எழுதப்பட்டதா என்பதைப் புறப்படுமுன்னர்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புறப்படத் தக்க பருவம்

விசா வரும் நாள் நம் கையில் இல்லையாயினும், இயன்றவரை மாசி, பங்குனியில் புறப்படுமாறு முயல்வது உத்தமம். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மக்காச்சோளம் அதற்குள் வீடு சேர்ந்திருக்கும். விளைச்சற் பணம் கையிலிருப்பதால் கடனும் குறையும். வளைகுடா நாடுகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெப்பம் கடுமையாதலின், இரண்டொரு மாதம் முன்னதாகச் சென்றவரின் உடல் அதற்குள் ஒருவாறு பழகிவிடும். அம்மாதங்களில் நண்பகலில் வெட்டவெளி வேலை அங்கே தடுக்கப்பட்டுள்ளது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மாலை 3-30 மணி வரையிலும், ஐக்கிய அரபு நாடுகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12-30 மணி முதல் 3 மணி வரையிலும் அத்தடை உண்டு. இதனை அறிந்து சென்றால் கேட்டுப் பெறலாம்.

நிலத்துக்குச் செய்ய வேண்டுவன

நிலத்தைக் குத்தகைக்கு விடுவதாயின் காலம், தொகை, கிணற்று நீர்ப் பங்கு ஆகியவற்றை எழுதிக் கொள்ளல் வேண்டும். பிறருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க நேரின், கூட்டுறவுச் சங்கக் கடன், மின் இணைப்பு, பயிர்க் காப்பு முதலிய குறித்த காரியங்களுக்கு மாத்திரம் எழுதுக. விற்கவும் அடகு வைக்கவும் அதிகாரம் கொடுத்தல் ஆகாது. மூலப் பத்திரமும் பட்டாவும் வீட்டார் கையிலேயே இருக்கட்டும்.

மற்றொன்று பலர் அறியாதது. வேலையின் பொருட்டு அயல்நாட்டில் வசிப்பவர், அந்தியச் செலாவணிச் சட்டப்படி, அக்காலத்தில் தம் பேரில் விவசாய நிலத்தைக் கிரயத்துக்கு வாங்க இயலாது. முன்பே தமக்குள்ள நிலத்தை வைத்துக்கொள்ளவும், வாரிசாக அடையவும் தடையில்லை. சம்பாதித்துப் பக்கத்து வயலை வாங்க எண்ணுவோர் இதனைப் புறப்படுமுன் அறிந்து, வங்கியில் விசாரித்து ஏற்பாடு செய்துகொள்ளல் வேண்டும். சேமிப்புக் கணக்கையும் அயல்நாடு வாழ்வோர்க்குரிய கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூட்டையிற் கவனம்

வீட்டில் அன்போடு அரைத்துக் கொடுக்கும் மசாலைப் பொடியில் கசகசா இருத்தலாகாது. சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் அது போதைப் பொருளின் பாற்படும். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடுக்கப்பட்டது. தூக்க மருந்து, வலி மருந்துகளை வைத்தியர் சீட்டின்றிக் கொண்டு போகலாகாது. பிறர் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் வாங்குதல் பெருந்தீங்கு.

திரும்பி வரும்போது அவ்விடத்து விதை, கன்று, மண் இவற்றைக் கொண்டுவருதலும் கூடாது. இறக்குமதி அநுமதியும் அந்நாட்டுப் பயிர் நலச் சான்றும் இன்றி அவை அநுமதிக்கப்படுவதில்லை. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2018ஆம் ஆண்டில் நம் நாட்டில் முதன்முதற் காணப்பட்டு, அவ்வாண்டே இவ்விரு ஜில்லா மக்காச்சோளத்தையும் அழித்ததை எவரும் மறந்திரார். அயலிலிருந்து வரும் ஒரு பூச்சி எவ்வளவு செலவு வைக்குமென்பதற்கு அதுவே போதிய சான்று.

போய்ச் சேர்ந்தபின்

சேர்ந்த வாரத்திலேயே உறைவிடம், முதலாளியின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றை வீட்டுக்குத் தெரிவித்து, இந்தியத் தூதரகத்திலும் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பாஸ்போர்ட்டு தம்மிடமே இருத்தல் நன்று. சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைத்து, பணத்தை வங்கி வழியாகவே அனுப்பி வருக. ஒப்பந்தத்துக்கு மாறான வேலையோ சம்பளமோ நேர்ந்தால் மாதக்கணக்காகப் பொறுத்திராமல் தூதரகத்துக்கு எழுதுக.

விதை முளைக்குமா என்று சோதியாமல் எந்தக் குடியானவனும் வயலிலிடான். பிரயாணத்துக்கும் அதே முறையைக் கைக்கொள்ளுதல் தகும். ஏஜெண்டின் பதிவு, விசாவின் வகை, எழுத்து மூலமான ஒப்பந்தம், கடனின் அளவு ஆகிய நான்கையும் சோதித்த பிறகே பணத்தை எடுத்தல் வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அவ்வாண்டு ஊரிலேயே தங்கி அடுத்த வாய்ப்புக்குக் காத்திருப்பதில் நஷ்டமில்லை. நிலம் கையில் இருக்கும்.