பட்டறை வாசல் – 11: புது வால்வு, பழைய சீட்

டைமிங் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று சென்ற வாரம் பார்த்தோம். கேம் ஷாஃப்ட் நின்றுவிடும்; கிராங்க் ஷாஃப்ட் உடனே நிற்காது. மேலேறி வரும் பிஸ்டன், திறந்தபடி நின்றுபோன வால்வுகளை முட்டி வளைத்துவிடும். ஹெட்டை இறக்கி, வளைந்ததை எறிந்துவிட்டுப் புது வால்வு வாங்குவது பெரிய காரியமில்லை. அதற்குப் பிறகுதான் ஹெட் வேலையே தொடங்குகிறது.

"வளைஞ்சது வால்வுதானே அண்ணே, அதை மாத்தினா போதாதா? ஹெட்டை எதுக்கு லேத்துக்கு அனுப்பணும்?" என்று வண்டிக்காரர் கேட்பார். செலவு அவருடையது, கேட்கத்தான் செய்வார். அவரை உட்காரவைத்து ஹெட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும். வால்வும் சீட்டும் ஒன்றையொன்று தொடும் இடம், பெரும்பாலான கார்களில் 1 முதல் 2 மி.மீ. அகலமுள்ள ஒரு வளையம். கம்ப்ரஷனை வால்வுப் பக்கம் தடுத்து நிறுத்துவது அந்த வளையம் மட்டுமே.

சூட்டை இறக்குவதும் அதுதான். ஓட்டத்தில் எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு, வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாக ஹெட்டுக்குள் இறங்கி, அங்கிருந்து கூலன்ட்டுக்குப் போகிறது. மீதி தண்டு வழியாகக் கைடுக்குப் போகும். 3000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. சுற்றில் ஓரிடம் சரியாக உட்காரவில்லை என்றால், அந்த இடுக்கில் எரியும் வாயு பீறிட்டுப் புது வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். பழைய வால்வு போன வழியிலேயே புதியதும் போகும்.

ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது கைடைத்தான். பிஸ்டன் முட்டிய வேகத்தில் வளைந்த தண்டு, கைடின் ஓரத்தைப் பிளந்திருக்கலாம். துளையின் வாயை அகட்டியிருக்கலாம். புது வால்வைச் செருகி, சற்றே தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் விரலுக்கே தெரியும். டயல் கேஜ் வைத்தால் அளவும் தெரிந்துவிடும். இங்கே கணக்கு ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளில் ஓடுகிறது. கைடை மாற்றுவதானால், சீட் வெட்டுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். சீட் கட்டரின் பைலட் கைடின் துளையில்தான் நிற்கிறது; துளை அகன்றிருந்தால் கட்டர் சாய்ந்து, சீட்டின் மையமே விலகிப்போகும். இந்த வரிசை தெரியாத கையில் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். கூலி குறைவு என்று கொடுத்தால், ஹெட்டை இன்னொரு தடவை இறக்கும் கூலியும் சேர்ந்து வரும்.

சீட்டின் முகம் பொதுவாக 45 டிகிரியில் இருக்கும். அதற்கு மேலே 30 டிகிரியிலும் கீழே 60 டிகிரியிலும் வெட்டுவது, அந்த வளையத்தை வேண்டிய இடத்துக்கு நகர்த்தவும் அகலத்தைக் குறைக்கவும்தான். குறுகிவிட்டால் சூடு இறங்காது. அகன்றுவிட்டால் அழுத்தம் பரவிப்போய், கரி சிக்கிக்கொள்ளும்.

கடைசியில் வருவது கிரைண்டிங் பேஸ்ட். வால்வின் முகத்தில் துளி பேஸ்ட் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, மோர் கடைகிற மத்துபோல உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவார்கள். நடுநடுவே தூக்கி இடம் மாற்றி உருட்ட வேண்டும். சாம்பல் நிறத்தில் ஒரே சீரான பட்டை சுற்றிலும் விழுந்தால், பொருத்தம் சரி. அதற்கு மேல் உருட்டத் தேவையில்லை. குழி விழுந்த சீட்டைப் பேஸ்ட்டாலேயே தேய்த்துத் தீர்த்துவிடலாம் என்று நாள் முழுக்க உருட்டுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. புது வால்வின் முகத்தில் பள்ளம் விழுவதுதான் மிச்சம். பேஸ்ட்டை ஒரு பொடிகூட இல்லாமல் கழுவுவதும் அதே அளவு முக்கியம்; தங்கிவிட்டால் அது கைடையும் சிலிண்டரையும் அரைக்கும்.

பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்பு பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் எரிந்து படிந்து, வார்ப்பிரும்புச் சீட்டைத் தேயாமல் காத்தது. 1995இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000இல் நாடு முழுக்க ஈயம் நின்றது. அந்தக் காலத்துச் சீட்டோடு ஹெட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், லேத்துக்குப் போகும்போதே கடினமான இன்சர்ட் போட்டுவிடுங்கள்.

சீட்டை வெட்டியதும் வால்வு உள்ளே இறங்கும். தண்டின் நுனி அந்த அளவுக்கு மேலே எழும்பும். டேப்பட் இடைவெளி குறைந்துபோகும். இதை அளக்காமல் பூட்டினால், இன்ஜின் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது. லூஸான டேப்பட் சத்தம் போட்டு நம்மைக் கூப்பிடும். டைட்டானது சத்தமில்லாமல் வால்வை எரித்துவிடும். எனவே ஷிம் வைத்த இன்ஜினானால், எல்லா வால்வுக்கும் அளவெடுத்து ஷிம் மாற்றியே தீர வேண்டும்.

புது ஆயில் சீல், ஸ்பிரிங், லாக் எல்லாம் பூட்டி, ஸ்பார்க் பிளக்கையும் போட்டபின், ஹெட்டைக் கவிழ்த்துச் சமமாக வைத்து ஒவ்வொரு சேம்பரிலும் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். போர்ட்டுகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் அந்த வால்வைக் கழற்றி மறுபடி பார்க்க வேண்டும். ஹெட் இன்னும் மேசைமேல் இருப்பதால், இப்போது கழற்றுவது சில நிமிட வேலை. வண்டியில் ஏற்றியபின் என்றால் கேஸ்கட்டிலிருந்து எல்லாம் முதலிலிருந்து.

கேஸ்கட்டும் ஹெட் போல்ட்டும் அடுத்த வாரம்.