இலையே மலராகும் செடிகள்

பூக்களுக்காகவே தோட்டம் வைக்கின்றோம் என்பது பலர் கருத்து. ஆயினும் பூவாத காலத்தும் வண்ணங் குன்றாத செடிகள் சில உள. தண்டு மிகக் குறுகியிருத்தலால் அவற்றின் இலைகள் வட்டமாக அடுக்கப்பெற்று, விரிந்த தாமரை போலத் தோன்றும். மெக்சிக்கோ மலைநிலத்துக்குரிய எச்செவேரியா, பிறேசிலுக்குரிய டிக்கியா, கிரிப்தாந்தசு, நியோரெகெலியா என்பன இத்தகையன. எச்செவேரியா என்பது, செடிகளை வரைந்த மெக்சிக்கோ ஓவியர் ஒருவரின் பெயரால் 1828 இல் இடப்பட்ட பெயர். இது கிரசுலேசியே குடும்பத்தது. ஏனைய மூன்றும் பிரொமீலியேசியே குடும்பத்தன. இப்பெயர்கள் நாவிற்கு அரியவெனினும் பின்னைய குடும்பத்தில் ஒன்று நமக்கு நன்கு பழகியதே, அது அன்னாசி. மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களையுடைய அக்குடும்பத்தில், மேற்கு ஆபிரிக்காவிலுள்ள ஓரினம் தவிர எல்லாம் அமெரிக்காவையே தாயகமாகக் கொண்டன.

ஒருவித்திலைத் தாவரமாகிய அன்னாசியும் இருவித்திலைத் தாவரமாகிய எச்செவேரியாவும் நெருங்கிய உறவினவல்ல. எனினும் வடிவால் ஒத்திருத்தற்குக் காரணம் நீரின் அருமையே. வட்ட அடுக்கு, பனியையும் சிறுமழையையும் நடுவே திரட்டி வேரடிக்குச் செலுத்தும். இதனினும் வியத்தகு ஒற்றுமை இலையின் உள்ளே நிகழ்வது.

அதனைப் பற்றிய முற்குறிப்புகளுள் ஒன்று தமிழகத்தோடு தொடர்புடையது. தரங்கம்பாடிக்கு மொரேவியச் சமயத் தொண்டராக வந்து, பின்னர்ச் சென்னை மாகாணத்தில் தாவரவியலாராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் எழுதிய கடிதமொன்று இலண்டன் இலினேயன் கழக வெளியீட்டில் 1815 இல் அச்சாயிற்று. இந்தியத் தோட்டங்களில் வளர்ந்த ஒரு செடியின் இலை காலையிற் புளிக்கிறது, நண்பகலிற் சுவையற்றிருக்கிறது, மாலையிற் சிறிது கைக்கிறது என்று, தாமே மென்று பார்த்து அவர் அதில் எழுதினார். அச்செடி வேறொன்றன்று, மாணவர் புத்தகத் தாள்களிடையே வைத்து, விளிம்பில் முளைவிடுதலைப் பார்த்து மகிழ்கின்ற இரணகள்ளியே. அதுவும் கிரசுலேசியே குடும்பத்தது.

புளிப்பின் காரணம் பின்னரே தெளிவாயிற்று. ஏனைய தாவரங்கள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை ஏற்கும்போது நீரைப் பெருமளவில் இழக்கின்றன. இச்செடிகளோ வெயிலில் வாயை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. ஏற்ற வாயுவை மலிக்கமிலமாக மாற்றிக் கலங்களின் புன்வெற்றிடங்களிற் சேமித்து, பகலில் அதனை வெளிவிட்டு ஒளித்தொகுப்பை நிகழ்த்துகின்றன. ஒரு கிராம் காபனீரொட்சைட்டைப் பெறுதற்குச் சாதாரண தாவரம் 400 முதல் 500 கிராம் வரை நீரை இழக்க, இவை 50 முதல் 100 கிராமையே இழக்கின்றன. மற்றைச் செடிகளை நாம் ஊதாரிகள் என்றாலும் பொருந்தும்.

இனி, நிறம். இலை பயன்படுத்தவல்ல அளவிலும் மிகுந்த ஒளி விழும்போது, அந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் திரைபோல நின்று பச்சையத்தைக் காக்கிறது. எச்செவேரியாவின் மேலுள்ள வெண்பொடி மெழுகாகும், அதுவும் காவலே. விரலாற் தேய்த்தால் அழிந்த இடம் வடுவாகவே இருக்கும். எனவே நிழலில் வைத்து, நாளும் நீர்வார்த்துச் செல்லங்கொடுப்போர் காண்பது, நிறமிழந்து நெட்டையாய் வளர்ந்த பச்சைச் செடியையே. அவ்வாறு அன்பு காட்டியே மூன்று தொட்டிகளை அழுகச்செய்த அனுபவம் எனக்குண்டு.

எச்செவேரியாவுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். நுவரெலியாவில் அது செழிக்கும். யாழ்ப்பாணத்திலோ வெப்பமான இரவும் ஐப்பசி கார்த்திகை மழையும் அதனை வருத்தும். கூரையின்கீழ் வைத்தாலன்றிப் பிழைத்தல் அரிது. நமது மணற்பாங்கான வெயில்நிலத்துக்கு டிக்கியாவே தக்கது. ஆயின் அதன் முட்கள் கொடியன. பிள்ளைகள் நடமாடும் வழியில் நடலாகாது. அரைநிழலுக்குக் கிரிப்தாந்தசு நன்று. கிரேக்க மொழியில் 'மறைந்த மலர்' எனும் பொருளுடையது அதன் பெயர். நட்சத்திரம் போற் பரந்த வரிவரியான இலைகளின் நடுவே அதன் பூவைத் தேடித்தான் காணவேண்டும்.

நியோரெகெலியா பூக்குங்காலத்து நடுவில் செந்நிறங் கொள்வது அழகுதான். ஆனால் அந்நடுவே நீர்க்கிண்ணமும் ஆகும். ஈடிசு நுளம்பு இத்தகைய இலைக்கக்கங்களிலும் முட்டையிடும். 2017 இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானோராகப் பதிவாயினர். அதனை மறந்து அழகை மட்டும் நாடுதல் தகாது. வாரந்தோறும் தூய நீரைப் பாய்ச்சிப் பழைய நீரைக் கழுவியகற்ற இயலாதோர் அதனை வளர்க்காதிருத்தலே நன்று. அன்னாசியின் கக்கங்களையும் இவ்வாறே கவனித்தல் வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் காசு செலவிட வேண்டியதில்லை. உண்ட அன்னாசியின் தலைக்கொத்தைத் திருகியெடுத்து, அடியிலைகள் சிலவற்றை உரித்து, நான்கைந்து நாள் நிழலில் உலரவிட்டு மணல் கலந்த மண்ணில் நடலாம். முதல் வேர் காணும்வரை ஈரம் சிறிதே போதும்.