தேய்த்தால் அழியும் எழுத்து
(லேசர் பிரிண்டர் சரியாகச் சூடாகாவிட்டால் என்ன செய்வது?)



சென்ற மழைக்காலத்தில் என் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை மாமா கடையில் பிரிண்ட் எடுத்தோம். மணலி போகும் வழியில் மாமா சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அம்மா அந்தத் தாளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனாங்க. அங்கே பிரித்துக் கொடுத்தால், மடிப்பில் இருந்த வங்கிக் கணக்கு எண்ணில் நாலு இலக்கத்தைக் காணோம்! கறுப்புத் தூளாக அம்மா விரலில் ஒட்டியிருந்தது. "வேற கொண்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிட்டாங்க. அம்மாவுக்கு அரை நாள் கூலி போச்சு. கடைசித் தேதிக்கு மூணு நாள்தான் இருந்தது.

மாமா முகம் வாடிப்போச்சு. "பழைய பிரிண்டர். புதுசு வாங்க இப்ப கையில காசு இல்லையேம்மா" என்றார். சாயங்காலம் மெக்கானிக் அண்ணன் வந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுத்து எப்படி ஒட்டுகிறது?

லேசர் பிரிண்டரில் இருப்பது மை இல்லை. டோனர் என்ற பிளாஸ்டிக் கலந்த தூள். லேசர் ஒளி டிரம் மேல் எழுத்தை வரைகிறது. மின்னூட்டத்தால் தூள் அங்கே ஒட்டி, பிறகு காகிதத்துக்கு வருகிறது. அப்போது அது வாசலில் போட்ட கோலப்பொடி மாதிரிதான். கை பட்டால் கலைந்துவிடும். கடைசியில் பியூசர் என்ற பாகம் வருகிறது. சூடான உருளைக்கும் அழுத்தும் உருளைக்கும் நடுவே காகிதம் போகும்போது, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் தூள் உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இஸ்திரி போடுவது போலத்தான்!

இது பழைய யுக்தி. 1938 அக்டோபர் 22-இல் அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் முதல் ஜெராக்ஸ் படத்தை எடுத்தபோதே, மெழுகுக் காகிதத்தைச் சூடாக்கித்தான் தூளை ஒட்ட வைத்தார். பிறகு ஜெராக்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த கேரி ஸ்டார்க்வெதர் 1971-இல் லேசர் பிரிண்டரை உருவாக்கினார்.

கோளாறை எப்படிக் கண்டுபிடித்தோம்?

1. பாதியில் நிறுத்துதல்: காகிதம் பியூசருக்குப் போகும் முன்னே அண்ணன் பிரிண்டரை நிறுத்தி வெளியே எடுத்தார். எழுத்து கறுப்பாக, தெளிவாக இருந்தது. தொட்டால் மட்டும் கலைந்தது. அப்படியென்றால் லேசர், டிரம், டோனர் எல்லாம் சரி. குறை சூட்டில்தான்.

2. காகிதம்: நம் சடையங்குப்பத்தைச் சுற்றிலும் தண்ணீர், பக்கத்தில் கடல். மழையில் காகிதமே நமுத்துப் போகுது. அந்த ஈரம் ஆவியாக உள்ளுறை வெப்பம் வேண்டும் என்று அறிவியலில் படித்தோமே! தூளை உருக்க வேண்டிய சூட்டை ஈரம் தின்றுவிடுகிறது. புதுக் கட்டு பிரித்துப் போட்டோம். கொஞ்சம் தேறியது, முழுசாக இல்லை.

3. மின்சாரம்: பிரிண்டரும் ஜெராக்ஸ் மெஷினும் ஒரே மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் இருந்தன. சூடாகும் நேரத்தில் மீட்டரில் 230 வோல்ட் இருக்க வேண்டியது 190-க்கு இறங்கியது. திறன் என்பது வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டேன்: மூன்றில் இரண்டு பங்கு சூடுதான் கிடைக்கும்! பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினோம்.

4. மிச்சம் இருந்த குறை: இப்போது பக்கம் முழுக்க நன்றாக ஒட்டியது. ஆனால் வலது ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் அழிந்தது. "ஈரமோ கரண்டோ காரணம்னா பக்கம் முழுக்க அழியணும். ஒரு ஓரம் மட்டும் ஏன்?" என்று அண்ணன் என்னையே கேட்டார். "அந்த ஓரத்துல உள்ள பாகம் கெட்டிருக்கா அண்ணா?" என்றேன். பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆறவிட்டுத் திறந்தார். ஹீட்டர் மேல் சுற்றும் மெல்லிய உறை, பிலிம் என்பார்கள், வலது ஓரத்தில் கிழிந்திருந்தது. புதிய பிலிம் போட்டார். மொத்தச் செலவு 700 ரூபாய்.

முக்கிய எச்சரிக்கை

பியூசரில் தெர்மிஸ்டர் என்ற உணரி சூட்டை அளக்கிறது. சூடு அளவு மீறினால் வெப்ப பியூஸ் அறுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். பியூஸ் போய்விட்டது என்று சிலர் ஒயரை முறுக்கி நேராக இணைத்துவிடுவார்களாம். அது மிகவும் தவறு, தீப்பிடித்துவிடும். அதே வகைப் புது பியூஸ்தான் போட வேண்டும். நாம் யாரும் பியூசரைத் திறக்கக் கூடாது. அது மெக்கானிக் வேலை.

நாம் செய்யக்கூடியவை: காகிதக் கட்டை பிளாஸ்டிக் பையில் மூடி வைக்கலாம். முக்கியமான தாளை வாங்கியதும் கட்டை விரலால் ஓரத்தில் தேய்த்துப் பார்க்கலாம்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் அம்மா விண்ணப்பத்தைக் கொடுத்துட்டு வந்தாங்க. இந்தத் தடவை மடிக்கவே இல்லை. என் பரீட்சை அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனாங்க! மாமா இப்போதும் தினமும் முதல் பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி