முன்னவர் விட்டுச்சென்ற மடை

அக்கராயன் குளத்து நீரை வாய்க்கால் வழியே முறைவைத்துப் பாய்ச்சும்போது, ஒருவரது முறை முடிந்ததும் அவருடைய வயலின் மடை அடைபடல் வேண்டும். அடைபடாவிடின், அடுத்தவர் முறைக்கு வரும் நீரிலும் ஒரு பங்கு முன்னவர் வயலுக்கே போய்ச்சேரும். பின்னவர் தம் மடையைத் திறந்ததில் தவறில்லை. தவறு, அடைக்காது விட்ட மடையில் இருக்கின்றது. பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினியிலும் இவ்வகைத் தவறு நேர்வதுண்டு.

அவ்வூர்ப் பக்கத்துப் பாடசாலை அலுவலகம் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அங்கே இருப்பது ஒரே கணினி. தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதியும் மென்பொருள் அதில் உண்டு. கணித ஆசிரியர் தம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழைகிறார், பத்தாந்தர வகுப்பின் கணிதப் புள்ளிகளைப் பதிகிறார், வெளியேறுகிறார். அடுத்து வரலாற்று ஆசிரியை வருகிறார். திரையின் மேற்புறத்தில் அவருடைய பெயர் ஒழுங்காகத் தோன்றுகின்றது. வகுப்பும் அதே பத்தாந்தரம். மாணவர் பெயர்ப்பட்டியலும் அதுவே. ஆனால், பாடத்தைக் குறிக்கும் சிறு கட்டத்தில் முன்னவர் தெரிந்த 'கணிதம்' அப்படியே நிற்கின்றது. அவர் அதைக் கவனியாமல் எல்லாப் புள்ளிகளையும் பதிந்து சேமித்துவிடுகிறார். கணிதப் புள்ளிகள் அழிந்தன. அவற்றின் இடத்தில் வரலாற்றுப் புள்ளிகள் அமர்ந்தன. தேர்ச்சி அறிக்கை வீட்டுக்குச் சென்ற பின்னர், கணிதத்தில் வல்ல பிள்ளை தந்தையின் முன் தலைகுனிந்து நிற்கும்.

இதில் கடவுச்சொல்லை எவரும் திருடவில்லை. பின் எவ்வாறு நேர்ந்தது?

ஒரு மென்பொருள் இயங்கும்போது, எந்தப் பாடம், எந்தக் கோப்பு, எந்தத் தேடல் என்பவற்றையெல்லாம் கணினியின் பிரதான நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றது. இவற்றின் தொகுதியையே அதன் 'நிலை' என்பர். 'வெளியேறு' என்னும் பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் நின்றுவிட்டதாகவே நாம் எண்ணுகிறோம். பல மென்பொருள்கள் அவ்வாறு நிற்பதில்லை. திரையை மறைத்து உள்நுழைவுச் சாளரத்தைக் காட்டுகின்றன; அவ்வளவே. பயனாளரின் பெயர் மாறும். உள்ளேயிருக்கும் நிலை மாறாது. முன்னவர் அழித்த வரியைப் பின்னவர் மீட்டெடுக்கவுங்கூடும்.

பரிகாரம் இரண்டு வகை. ஒன்று, வெளியேறும் வேளையில் ஒவ்வொன்றாகத் தேடித் துடைப்பது. இது பொறுப்புள்ள முறைபோலத் தோன்றினும் நம்பத்தக்கதன்று. மென்பொருளுக்குப் புதிய வசதியொன்று சேர்க்கப்படுந்தோறும் அதனைத் துடைக்கும் கட்டளையையும் மறவாது சேர்த்தல் வேண்டும். ஒருநாள் மறதி வரும். மற்றையது, பயனாளர் ஒருவருக்குரிய அனைத்தையும் தொடக்கத்திலிருந்தே ஒரே பொதியாகக் கட்டிவைத்து, அவர் வெளியேறியதும் பொதியை முழுதாக எறிந்து, அடுத்தவருக்குப் புதுப்பொதி திறப்பது. அது இயலாதெனின் மென்பொருளையே மூடி மீளத் தொடங்கச் செய்யலாம். சில விநாடிகள் தாமதமாகும். அலுவலகங்களில் அச் சில விநாடிகளுக்கே பெரும் முறைப்பாடு எழுவதும் உண்டு! எனினும், சேமியாத வேலை இருப்பின் எறியுமுன் கேட்டல் கடமை. எழுத்தின் அளவு போன்ற ஒருவரது விருப்பங்கள் அவர் பெயரில் வன்தட்டிலே தனியே இருத்தல் தகும்.

இத் தொல்லை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் மசாசுசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரின் குழுவினர் ஒரு கணினியைப் பலர் ஒரே வேளையிற் பகிரும் முறைமையை 1961இல் செய்துகாட்டினர். சில ஆண்டுகளின் பின் ஒருநாள், அதில் உள்நுழைந்தோர் அனைவருக்கும் அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் முனையத்தில் அச்சாகி வந்தன. காரணம் எளியது. அங்கிருந்த எழுத்துத் திருத்தி, ஒரு வேளையில் ஒருவரே பயன்படுத்துவார் என எண்ணி அமைக்கப்பட்டது. எனவே தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை இட்டது. ஒருவர் அறிவித்தலையும் இன்னொருவர் கடவுச்சொற் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்தவே, இரண்டும் இடம் மாறிவிட்டன.

விண்டோஸ் கணினியில் 'பயனாளரை மாற்று' என்பதும் 'வெளியேறு' என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் முன்னவரின் மென்பொருள்கள் உள்ளே இயங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் அவை மூடப்படும். பாடசாலைக் கணினிக் கூடங்களுக்கென 'டீப் ஃப்ரீஸ்' போன்ற மென்பொருள்களும் உள்ளன. கணினியை மீளத் தொடக்கியதும் வன்தட்டு பழைய நிலைக்கே திரும்பும். அவ்வேளை, மாணவன் அத்தட்டிலே சேமித்த ஒப்படையும் மறைந்துபோம். ஆதலின் அவன் அதனைப் பென்டிரைவிலோ, காக்கப்படாத வேறு பகுதியிலோ வைத்தல் வேண்டும்.

புள்ளிப்பதிவு மென்பொருளைச் சோதிக்க நிபுணர் வேண்டியதில்லை. அப்போதே தொடங்கிய மென்பொருளில் வரலாற்று ஆசிரியையை உள்நுழையச் செய்து திரையைப் படம்பிடித்து வைக்கலாம். பின்னர் கணித ஆசிரியர் வேலை செய்து வெளியேறியபின், அதே ஆசிரியை மீண்டும் உள்நுழைந்து இரு திரைகளையும் ஒப்புநோக்கலாம். பாடக் கட்டம் இரண்டிலும் வெறுமையாக இருக்கிறதா என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.